விடைபெறலாமா என்று கேட்ட மென்பொருள்

கணினியியல் பேராசிரியராக முப்பது ஆண்டுகள் பணியாற்றிய ஒருவன் தன்னுடைய மரியாதையாலேயே வீழ்ந்தான் என்று எழுதுவது எளிதன்று. ஆயினும் என் வீட்டார் இதை ஒவ்வொரு திருமணப் பந்தியிலும் காரம் கூட்டிப் பரிமாறி வருவதால், சரியான வடிவம் ஒன்று அச்சில் இருக்கட்டும் என்றே எழுதுகிறேன்.

தூத்துக்குடியில் நான் பணிபுரிந்த கல்லூரிக்கு ஓர் ஆராய்ச்சி மையம் வருவதாக இருந்தது. அதன் தலைமைக்கு இருவர் பெயர் அடிபட்டது. ஒருவன் நான், மற்றவர் என் துறையிலேயே என்னைவிட ஆறு வயது இளைய தனபால். சென்னையிலிருந்து மூவர் குழு வந்து, எங்கள் ஆய்வுகளை நேரில் பார்த்து முடிவு செய்யும் என்றார்கள். (குழு வருமுன்பே என் பெயர்ப்பலகைக்கு எழுத்து மாதிரி தேர்ந்தெடுத்துவிட்டேன் என்பது வதந்தி. பார்த்தேன், தேர்ந்தெடுக்கவில்லை.)

எங்கள் இருவர் ஆய்வும் நடமாடும் மென்பொருள் முகவர் பற்றியதே. பெரிய கணக்கு ஒன்றை ஒரே கணினியில் ஏற்றிவிட்டு நாள்கணக்கில் காத்திருக்க வேண்டாம். மென்பொருளே பல படிகளாகப் பெருகி, இணையவழி பல ஊர்க் கணினிகளுக்குப் பயணம் போய், ஆளுக்கொரு பங்கை ஒரே நேரத்தில் கணக்கிட்டு, விடையோடு திரும்பும். நான் எடுத்துக்கொண்டது, முத்துச்சிப்பிக் குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து மன்னார் வளைகுடாவில் எங்கே போய்ப் படிகின்றன என்ற கணக்கு. கடலை எட்டுக் கட்டங்களாகப் பிரித்து, எட்டுக் கணினிகளை இரவல் கேட்டேன். மாப்பிள்ளையூரணி மளிகைக்கடை, ஆறுமுகநேரி உப்பு அலுவலகம், கயத்தாற்றில் என் தங்கை செல்வத்தின் உரக்கடை என்று ஏழும் வேண்டியவர்களுடையவை. எட்டாவது கிடைக்காமல் தனபாலின் அறைக் கணினியையே கேட்க வேண்டியதாயிற்று.

அடுத்தவர் கணினிக்குள் சொல்லாமல் நுழைவதும் சொல்லாமல் கிளம்புவதும் பண்பன்று என்பது என் கொள்கை. ஆகவே முகவர் போய்ச் சேர்ந்ததும் திரையில் வணக்கம் சொல்லும். கோட்டு அணிந்த என் படமும் தோன்றும். வேலை முடிந்ததும், "தங்கள் விருந்தோம்பலுக்கு நன்றி. விடைபெறலாமா?" என்று கேட்கும். கீழே இரண்டு பொத்தான்கள்: 'இருங்கள்', 'போகலாம்'. முன்னதை அழுத்தினால் அதே கணக்கை இன்னும் நுணுக்கமாக முதலிலிருந்து தொடங்கும். பின்னதை அழுத்தினால்தான் கிளம்பும்.

"சார், புரோகிராம் பேசாம போயிட்டுப் பேசாம வரட்டுமே," என்றார் தனபால்.

"நாகரிகம் என்று ஒன்று உண்டு, தனபால்," என்றேன்.

ஒத்திகை துல்லியமாக நடந்தது. எட்டுக் கணினிகளிலும் என் மாணவர்களே அமர்ந்திருந்தார்கள். என்னை அனுப்பிவைப்பதில் அவர்களுக்கு ஒருபோதும் தயக்கம் இருந்ததில்லை.

குழு வந்த நாளில் மாணவர்கள் அரங்கில் இருக்க, கணினிகளை அவற்றுக்கு உரியவர்களே பார்த்துக்கொண்டார்கள். அரங்கு நிறைந்திருந்தது. பெருந்திரையில் வளைகுடா வரைபடம். "பதினைந்து நிமிடங்களில் கடல் முழுவதும் நிறையும்," என்று ஒலிபெருக்கியில் அறிவித்தேன். பத்தாவது நிமிடம் ஒரு கட்டம் புள்ளிகளால் நிறைந்தது. அரை மணி கடந்தும் அந்த ஒன்றுதான். குழுத் தலைவியான அம்மையார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"மிச்சக் கடல் எங்கே சார்?"

வந்திருந்தது தனபாலின் கட்டம். வரைபடத்தின்படி, மன்னார் வளைகுடாவில் சிப்பி பிழைத்திருந்தது அவர் தயவில் மட்டுமே.

மளிகைக்கடை அண்ணாச்சியைக் கைப்பேசியில் அழைத்தேன். பதற்றத்தில் அதை ஒலிவாங்கிக்கு அருகிலேயே பிடித்திருந்தேன்.

"உங்க ஆளு வந்துட்டாரு சார். வேலைய முடிச்சிட்டுப் போகட்டுமான்னு கேக்காரு. நம்ம கடைக்கு வந்தவர போன்னு சொல்ல முடியுமா? நானும் ரெண்டு வாட்டி இருங்கன்னு அமுக்கிட்டேன். பாவம், தங்கமான மனுசன், ஒரு வார்த்தை மறுத்துப் பேசல!"

அரங்கு அதிர்ந்தது. "நீங்களே திரும்பக் கூப்பிட முடியாதா?" என்று அம்மையார் கேட்டார். முடியாது. விருந்துக்குப் போனவரை வாசலில் நின்று கத்தி அழைக்கும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லாததால், அதற்கு நான் வழி வைக்கவில்லை.

தங்கையை அழைத்தேன். அவளாவது நான் சொன்னால் கேட்பாள்.

"அண்ணே, இப்பதான் அவரு முன்னால ஒரு காப்பி வச்சேன்."

"அது ஆளில்லை, செல்வம். மென்பொருள். 'போகலாம்' என்பதை அழுத்து."

"படத்துல நீங்கதான இருக்கீய? அண்ணன் மூஞ்சியப் பார்த்துப் போன்னு அமுக்க எனக்கு மனசு வரல."

"ஏளா, அமுக்கித் தொலைளா! இங்கன என் மானம் போகுது!"

(முப்பது ஆண்டுகளாக என் வாயில் செந்தமிழ் மட்டுமே கேட்டிருந்த கல்லூரி அது. கடைசி வரிசையில் ஒருவன் நாற்காலியிலிருந்து விழுந்தான்.)

கயத்தாற்றிலிருந்து அவள் குரல் இறங்கி வந்தது.

"கோவமா இருக்கீய அண்ணே. கோவத்தோட போறவர எப்படி அனுப்புவேன்? இருங்க."

பொத்தான் அழுத்தும் ஓசை அரங்கின் நான்கு மூலைகளிலும் தெளிவாகக் கேட்டது.

மையம் தனபாலுக்குப் போனது. அவருடைய முகவர் வாய் திறவாமல் போய், வாய் திறவாமல் வந்தது, குழுவினர் கைதட்டினார்கள். என் கோட்பாட்டில் பிழையில்லை என்று இன்றும் சொல்வேன். கேட்பதற்கு ஆளில்லை.

பிறகு உரக்கடைக்குப் புதுக் கணினி வாங்கினார்கள். பழையதை நிறுத்தத் தங்கை ஒப்பவில்லை. மூலையில் அது என் படத்தோடு இன்னும் ஓடுகிறது. அவளுடைய பேரப்பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும்போது அதற்கு டாட்டா காட்டுகிறார்கள்.

சென்ற மாதம் கயத்தாறு போயிருந்தேன். வழக்கமாக என்னை ஒருநாளாவது தங்கச் சொல்லி மன்றாடுபவள், நான் பையை எடுத்ததும் வாசல்வரை வந்து கதவைத் திறந்துவிட்டாள்.

"நீங்க போயிட்டு வாங்க அண்ணே," என்றாள். "அதான் ஒருத்தரு இங்கன இருக்காருல்லா."