எதிரிக்கு வைத்த பாட்டு

சனி, ஞாயிறு இரண்டு நாளும் யாரும் வாசல்படி தாண்டக் கூடாது என்று அறிவிப்பு வந்த அன்று, செட்டுக்காரர் ஒரு முடிவுக்கு வந்தார். பக்கத்து வீட்டு எலக்ட்ரீசியனைப் பாட்டுப் போட்டே பணிய வைப்பது.

கல்யாணம், கூட்டம், பள்ளிக்கூட விழா என்று முப்பது வருடத்துக்கு மேலாக மைக்செட் வாடகைக்கு விடுகிறவர் அவர். தெருவில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. நோய் பரவியதும் விழாக்கள் நின்றன. கடைசி விழாவில் இருந்து கழற்றி வந்த பெட்டிகள், கூம்பு ஸ்பீக்கர்கள், ஒயர்ச் சுருள்கள் எல்லாம் முன்னறையில் கூரை வரைக்கும் ஏறிவிட்டன. மனிதர் உட்கார மிஞ்சியது ஒரு நாற்காலியும் ஒரு முக்காலியும்தான்.

பகை பதினொரு வருடப் பழசு. ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழாவில் இரண்டு பேருக்கும் வேலை. அவனுக்கு விளக்கு, இவருக்கு ஒலி. பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது எலக்ட்ரீசியன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "உங்க செட்டுல சத்தம் வருது, பாட்டு வரலையே." சுற்றி நின்ற நாற்பது பேரும் சிரித்தார்கள். அவர் எண்ணினார், அதனால் நாற்பது என்று தெரியும். அவருடைய வீட்டைப் பற்றிச் சொல்லியிருந்தால் மறந்திருப்பார். முகத்தைப் பற்றிச் சொல்லியிருந்தால் அவரே ஒப்புக்கொண்டிருப்பார். செட்டைப் பற்றிச் சொல்லிவிட்டான்.

இப்போது டிவியில் தினமும் செத்தவர் கணக்குச் சொன்னார்கள். அவருக்குப் பயம் வந்தது. அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால், சொன்ன வார்த்தையை வாபஸ் வாங்க ஆள் இருக்காது. தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் அதைவிட மோசம், வார்த்தை மட்டும் தெருவில் தனியாக நிற்கும். இரண்டில் ஒன்று நடப்பதற்கு முன் "நான் சொன்னது தப்பு" என்று அவன் வாயிலிருந்து வர வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான்.

முதல் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு, பக்கவாட்டு ஜன்னலில் ஒரு கூம்பைத் தூக்கி வைத்தார். எதிரே ஒரு கை தூரத்தில் எலக்ட்ரீசியன் வீட்டு ஜன்னல், உள்ளே பார்க்க முடியாத மங்கல் கண்ணாடி. அடித்து ஆடுகிற பாட்டு ஒன்றை முழுச் சத்தத்தில் விட்டார். மேஜையில் இருந்த தண்ணீர்க் குவளை தானாக நகர ஆரம்பித்தது.

சமையலறையில் இருந்து மனைவி காதைப் பொத்திக்கொண்டு வந்தாள்.

"என்ன பண்றீங்க?"

"பாட்டு வைக்கிறேன்."

"யாருக்கு?"

"அவனுக்கு."

அவள் அந்த ஜன்னலைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு மூடிக்கொண்டாள். அப்படி மூடியதை அவர் அன்று கவனிக்கவில்லை.

"இவ்ளோ சத்தமா வச்சா காதைப் பொத்திக்கிட்டுப் படுத்துடுவாரு. பொத்தின காதுல என்ன போகும்?"

"பின்ன?"

"குறைச்சு வைங்க. என்ன பாட்டுன்னு பிடிபடாம அவரே வந்து ஜன்னல்ல காதை வைக்கணும்."

செட்டுக்காரர் யோசித்தார். அதில் ஒரு கொடுமை இருந்தது. அவருக்குப் பிடித்திருந்தது.

"அப்புறம் இந்த மாதிரி ஆட்டம் போடற பாட்டுன்னா அவருக்கு உயிரு. எதிரிக்கு விருந்து வைக்கிறீங்களே."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அவரு வீட்டம்மா சொல்லியிருக்கு. நீங்க ரெண்டு பேரும் பேசலன்னா நாங்களும் பேசக் கூடாதா?"

"அப்ப அவனுக்கு எது பிடிக்காது?"

அவள் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. "மெதுவாப் போறது. வயலின், புல்லாங்குழல் வர்றது. பொம்பளை பாடினது. பழசு. அதைக் கேட்டா அந்த அண்ணனுக்கு வயித்தைக் கலக்குமாம்."

செட்டுக்காரர் மனைவியை மரியாதையோடு பார்த்தார். முப்பத்திரண்டு வருடமாக ஒரு மந்திரியோடு குடித்தனம் நடத்தியும் தெரியாமல் போயிற்றே என்று நினைத்துக்கொண்டார்.

பழைய பாட்டுகளைத் தேடி எடுத்து மெதுவாக வைத்தார். சரியாக ஆறரைக்கு எதிர் ஜன்னலில் விளக்கு எரிந்தது.

"எந்திரிச்சுட்டான். உக்கார முடியல பாத்தியா?"

"பாத்தேன்."

எட்டு மணிக்கு விளக்கு அணைந்தது.

"இழுத்துப் போர்த்திக்கிட்டான்."

"இருக்கும்" என்றாள்.

வார நாட்களில் அவர் அந்த ஜன்னல் பக்கமே திரும்புவதில்லை. அப்போது தெருவில் நடமாட்டம் இருக்கும், போகிறவன் வருகிறவன் எல்லாம் சும்மா கேட்டுவிட்டுப் போவான். பகைக்கு வைக்கிற பாட்டு உரியவனுக்கு மட்டும் போக வேண்டும்.

இரண்டாம் வாரம் மனைவி கூம்பைப் பற்றிக் குறை சொன்னாள்.

"இதுல எல்லாக் குரலும் தகரத்துல வழியுற மாதிரி இருக்கு. யாரு பாடறாங்கன்னு தெரிஞ்சாத்தானே அவருக்கு எரிச்சல் வரும்?"

நியாயம். கூம்பை இறக்கிவிட்டுப் பெரிய மரப் பெட்டியை ஏற்றினார். இடுப்பு பிடித்துக்கொண்டது. பொறுத்துக்கொண்டார்.

"இப்ப எப்படி?"

"பரவால்ல. ஆனா பாட்டுக்கு அடியில ஒரு ஈ கத்துது."

"எந்த ஈ?"

"ம்ம்ம்னு. பாட்டு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி இருந்து, முடிஞ்ச அப்புறம் வரைக்கும்."

அவர் பெட்டியில் காதை ஒட்டிவைத்தார். ஈ இருந்தது. நன்றாகக் கொழுத்த ஈ. இத்தனை வருடமாக ஊரெல்லாம் அவரோடு போய் வந்திருக்கிறது, அவருக்குத் தெரியவில்லை. நாற்பது பேருக்குத் தெரிந்திருக்குமோ என்ற எண்ணம் அவரைச் சுட்டது. அந்த வாரம் முழுக்க ஆம்ப்ளிஃபயரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்தார். உள்ளே ஒரு கப்பாசிட்டர் வயிறு உப்பிக் கிடந்தது. உதிரிபாகக் கடை எதுவும் திறக்கவில்லை. பரணில் கிடந்த செத்த ரேடியோவில் இருந்து அதே அளவில் ஒன்றைப் பிடுங்கி, பற்றவைத்து, எர்த் ஒயரைப் புதிதாக இழுத்துக் கட்டினார். வெள்ளிக்கிழமை ஈ செத்தது.

மூன்றாம் வாரம் இன்னொரு குறை. அவரால் உட்கார முடியவில்லை. தொழில் பழக்கம். பாதிப் பாட்டில் எழுந்து குமிழைத் திருகுவார், ஒயரை ஆட்டுவார், "ஹலோ" என்பார்.

மனைவி டீ கொண்டுவந்தாள். கோப்பை விளிம்பு வரைக்கும் தளும்பியது.

"இந்தாங்க. சிந்தாமக் குடிங்க, ஆம்ப்ளிஃபயர் பக்கத்துல இருக்கு."

அதைக் கையில் வைத்துக்கொண்டு எழ முடியாது. கீழே வைக்கவும் இடம் இல்லை. அதனால் செட்டுக்காரர் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பாட்டை உட்கார்ந்து முழுசாகக் கேட்டார். ஆயிரம் பந்தலில் அவரே ஓடவிட்ட பாட்டுதான். இரண்டாவது அடிக்கு முன்னால் ஒரு சின்னச் சத்தம் வந்தது.

"அவ மூச்சு எடுக்கறா" என்றார்.

"ம்."

"இத்தனை நாளா எடுத்தாளா?"

"எப்பவும் எடுத்தா."

டீ ஆறிவிட்டது. அதையும் குடித்தார்.

அன்று மத்தியானம் இருபது நிமிடம் கரண்ட் போய் வந்திருந்தது. எதிர் ஜன்னல் விளக்கு ஆறு ஐம்பதுக்குத்தான் எரிந்தது.

"இன்னைக்கு இருபது நிமிஷம் கூடத் தாங்கியிருக்கான். அழுத்தமான ஆளு."

"நாமளும் விடக் கூடாது" என்றாள் மனைவி.

நான்காம் வாரத்தில் இருந்து ஒரு ஒழுங்கு வந்துவிட்டது. சனிக்கிழமை டீ. ஞாயிற்றுக்கிழமை எலுமிச்சம்பழச் சாறு, ஒரு சிட்டிகை உப்போடு. நாற்காலியில் அவர், முக்காலியில் அவள், நடுவில் பாட்டு. எந்தப் பாட்டு அவனை அதிகம் வதைக்கும் என்று அவள் சொல்வாள், அவர் வைப்பார். சில நேரம் அவர் எதிர் ஜன்னலைப் பார்க்கவே மறந்துபோனார். அது அவருக்கே உறுத்தியது. இவ்வளவு கஷ்டப்பட்டு வளர்த்த பகை, ஒரு புல்லாங்குழலுக்கு நழுவப் பார்க்கிறது.

"விளக்கு எரிஞ்சுடுச்சு பாருங்க" என்று அவள்தான் ஞாபகப்படுத்துவாள்.

"ஆமாமா. எரியட்டும். இவ மூச்சு எடுக்கற இடம் வருது, இரு."

ஐந்து வாரம் போனது. ஊரடங்கு முடிந்தது என்று அறிவித்தார்கள். திங்கட்கிழமை காலை செட்டுக்காரர் முகம் மழித்து, சலவைச் சட்டை போட்டு, வாசலில் போய் நின்றார். இன்று அவன் கதவைத் திறந்துதான் ஆக வேண்டும். ஐந்து சனி, ஐந்து ஞாயிறு வாங்கியிருக்கிறான். பேசாமல் போக முடியாது.

கதவு திறக்கவில்லை. தெருமுனையில் இருந்து ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. அதிலிருந்து எலக்ட்ரீசியனும் அவன் மனைவியும் பைகளோடு இறங்கினார்கள்.

இவன் எப்போது வெளியே போனான் என்று அவருக்குப் புரியவில்லை.

"அக்கா" என்றாள் எலக்ட்ரீசியன் மனைவி, இவர் மனைவியைப் பார்த்து. "உங்க கையில சாவியக் குடுத்துட்டுப் போனது நல்லதாப் போச்சு. பொண்ணுக்குப் பிரசவம்னு பத்து நாளைக்குக் கெளம்பினோம், ஊரு விட்டு ஊரு பஸ்ஸ நிறுத்திட்டாங்க, அங்கயே மாட்டிக்கிட்டோம்."

"கொழந்த நல்லா இருக்கா?"

"ராஜாத்தி மாதிரி இருக்கா."

எலக்ட்ரீசியன் ஜன்னலை நிமிர்ந்து பார்த்தான். "லைட்டு ஒழுங்கா எரிஞ்சுதாம்மா? ஆறரைக்குப் போட்டு எட்டுக்கு அணையற மாதிரி ஒரு டைமர் மாட்டியிருந்தேன். திருட்டுப் பயலுக வீட்டுல ஆளு இருக்கறதா நெனைக்கணுமே."

"நல்லா எரிஞ்சுதுங்க அண்ணே. நாங்க உக்காந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தோம்."

செட்டுக்காரர் மனைவியைப் பார்க்கவில்லை. பார்த்தால் நடுத்தெருவில் உட்கார்ந்துவிடுவார் போல இருந்தது. ஆனால் சட்டை போட்டு வந்தாயிற்று. வார்த்தை இன்னும் பாக்கி இருந்தது. பதினொரு வருடத்தில் முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

"நீ அன்னைக்கு ஒரு வார்த்தை சொன்ன."

எலக்ட்ரீசியன் பையைக் கீழே வைத்தான். "என்னைக்கு?"

"பள்ளிக்கூட விழாவுல. நாப்பது பேருக்கு முன்னாடி."

"என்ன சொன்னேன்?"

அதை இப்போது அவரே சொல்ல வேண்டியிருந்தது. சொந்தச் செட்டைப் பற்றிச் சொந்த வாயால். அவர் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"எனக்கு ஞாபகம் இல்லீங்க" என்றான் எலக்ட்ரீசியன், உண்மையாகவே யோசித்துப் பார்த்துவிட்டு. "நீங்க என் ஏணிய வாங்கிட்டுப் போய்த் திருப்பித் தரல. கேக்க வந்தா மூஞ்சியத் திருப்பிக்கிட்டீங்க. சரி, ஏணிக்காகப் பேச்ச நிறுத்திட்டாருன்னு நானும் விட்டுட்டேன்."

அலுமினிய ஏணி. முன்னறையில், ஒயர்ச் சுருள்களுக்குப் பின்னால் நின்றது. அதைத் தன்னுடையது என்றே அவர் இத்தனை நாள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்.

ஏணியை அவரே தூக்கிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். மனைவி டீ கொடுத்தாள். இந்த முறை பாதிக் கோப்பைதான்.

"அவன் வீட்டுல இல்லன்னு உனக்கு முதல் நாளே தெரியும்."

"தெரியும்."

"வயலின் பிடிக்காதுன்னது?"

"எனக்குப் பிடிக்கும்."

"அப்ப அஞ்சு வாரமா நான் யாருக்குப் பாட்டு வச்சேன்?"

அவள் முக்காலியில் உட்கார்ந்தாள். "முப்பத்திரண்டு வருஷமா இந்த வீட்டுல செட்டு இருக்கு. ஊருக்கெல்லாம் பாடிச்சு. வீட்டுல நான் கேட்டது ஹலோ, ஹலோ, ஒன், டூ, த்ரீ. ஒரே ஒரு தடவ ஒரு பாட்டு வைங்கன்னு கேட்டேன். வாடகைக்குப் போற சாமானுக்கு ஆசைப்படாதன்னு சொன்னீங்க."

"நானா? அப்படிச் சொன்னேனா?"

"சொன்னீங்க. கல்யாணமாகி மூணாவது மாசம். ஒரு வியாழக்கிழமை."

அவருக்கு ஞாபகம் வரவில்லை. எவ்வளவு தேடியும் வரவில்லை. வெளியே எலக்ட்ரீசியன் ஏணியை விரித்து நிறுத்துகிற சத்தம் கேட்டது.

செட்டைப் பற்றிக் கேட்க இனி உலகத்தில் வேறு ஆள் இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சரி, அது போகட்டும். நீதான் அஞ்சு வாரமும் கேட்டிருக்கியே. செட்டு எப்படி இருந்துது?"

அவள் அவசரப்படாமல் நினைத்துப் பார்த்தாள்.

"போன வாரந்தான் கேக்கற மாதிரி வந்துது" என்றாள். "இன்னும் ரெண்டு வாரம் ஊரடங்கு போட்டிருந்தா தேறியிருப்பீங்க."