ஒரு சொம்பு பாலும் நாற்பத்து மூன்று கேள்விகளும்

ஆடிப்பூரத் தேர் நிலையை விட்டுப் புறப்படும் முன்னர் ஆறு நாய்க்குட்டிகளும் பின்கட்டை விட்டுப் புறப்பட்டிருக்க வேண்டும் என்று, தேருக்கு நாற்பது நாள் இருக்கையில் நான் தீர்ப்பளித்தேன்.

தீர்ப்புக்குக் காரணம் இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரோடும் வீதிக்கு அருகே வீடு வைத்திருப்பவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை உறவினர்கள் பெருகுவார்கள். எங்களுக்குப் பதினொருவர். அவர்கள் படுப்பது பின்கட்டில். பின்கட்டிலோ அப்போது சங்கு படுத்திருந்தாள். சங்கு என் கணவர் சாரங்கபாணியின் நாய், கலப்பில்லாத ராஜபாளையம் இனம், பெயருக்கேற்ற வெண்மை. மூன்று வாரங்களுக்கு முன் ஆறு குட்டிகளை ஈன்றிருந்தாள்.

"சரி மரகதம்" என்றார் கணவர்.

நாற்பத்தோராண்டு இல்லறத்தில் அவர் விவாதமின்றிச் சம்மதித்தது அதுவே முதல் முறை. நான் அன்றே விழித்துக்கொண்டிருக்க வேண்டும்.

அவர் குடும்பத்தில் ஒரு கட்டு உண்டு. குட்டி வேண்டுபவர் ஒரு சொம்பு பாலைத் தம் கையாலேயே கொண்டுவந்து தாய் நாய்க்கு வைக்க வேண்டும். அது குடித்துவிட்டால் குட்டி அவருடையது. மறுத்துப் பேச வீட்டுக்காரருக்கு உரிமையில்லை. குடிக்காவிட்டால் கிடையாது. ராஜபாளையத்தில் என் மாமனார் தம் காலம் முழுவதும் இவ்வாறே கொடுத்தார். ஒரு குட்டியைக்கூட விற்றதில்லை. இந்தப் பெருமையைத் திருமணமான மூன்றாம் நாள் தொடங்கி நான் கேட்டு வருகிறேன்.

மறுநாள் காலை அவர் கணினியின் முன் அமர்ந்திருந்தார். நூற்பாலையில் தரக் கட்டுப்பாட்டு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் பத்து முறை சோதிக்காமல் வெளியே அனுப்ப மாட்டார்.

"என்ன செய்றீங்க?"

"குட்டிகளுக்கு எடம் பாக்குதேன். ஈமெயில் மார்க்கெட்டிங் சாஃப்ட்வேர். ஒரே அமுக்கு, ஆயிரம் பேருக்குப் போயிரும்."

"அமுக்குங்க."

"எடுத்த எடுப்புல அமுக்கப்படாது மரகதம். மொதல்ல கணக்குத் தொடங்கணும். பொறவு முகவரிப் பட்டியல். பொறவு டெம்ப்ளேட். புது ஆளு திடீர்னு ஆயிரம் மெயில் விட்டா ஸ்பாம்னு தள்ளிருவான். கொஞ்சங் கொஞ்சமாச் சூடேத்தணும்."

"சூடேற எம்புட்டு நாளாகும்?"

"அது சாஃப்ட்வேரப் பொறுத்தது."

முதல் வாரம் சின்னம் வரைந்தார். இரண்டாம் வாரம் தலைப்பு வரியில் கழிந்தது. 'வணக்கம்' என்று தொடங்குவதா, 'அன்புடையீர்' என்று தொடங்குவதா என்பதை ஆறு நாள் ஆராய்ந்தார். மூன்றாம் வாரம் சங்குவின் படத்தை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாற்றினார். இதற்கிடையே குட்டிகளுக்குப் பல் முளைத்தது. ஆறும் ஆறு வெவ்வேறு ஜோடிகளிலிருந்து ஒவ்வொரு செருப்பைத் தின்றன. ஒரே ஜோடியில் இரண்டைத் தின்றிருந்தால்கூட நான் பொறுத்திருப்பேன்.

"எதாவது நடந்துச்சா?" என்று கேட்டேன்.

"பிரமாதம்! அனுப்புன மெயில நூத்துக்கு நூறு பேர் தொறந்து பாத்திருக்காங்க. ரிப்போர்ட்ல போட்டிருக்கு, பாரு."

"மொத்தம் எத்தனை பேரு?"

"சதவீதத்தப் பாரு மரகதம்."

நான் முப்பதாண்டு தாவரவியல் கற்பித்தவள். எண்ணிக்கையை மறைத்துச் சதவீதத்தைக் காட்டிய எந்த மாணவனையும் செய்முறைத் தேர்வில் தேற விட்டதில்லை. அன்று முதல் கவனித்தேன். அவர் கணினியில் பொத்தானை அமுக்குவார். இரண்டு நொடிக்குள் அவருடைய சட்டைப்பையிலேயே கைபேசி மணி அடிக்கும். எடுத்துப் பார்த்துப் புன்னகைப்பார்.

அடுத்த சனிக்கிழமை, ஆலை நண்பர்களோடு அய்யனார் கோவில் அருவிக்குக் குளிக்கப் போனார். கணினியை மூடாமல் போனார். நான் அடுத்த வீட்டு ஞானபாக்கியத்தை அழைத்தேன். அவள் ராஜபாளையத்தில் இருபது தையல் இயந்திரம் வைத்து நைட்டி தைப்பவள். தன் கடைக்காரர்களுக்கு இதே போன்ற மென்பொருளில் மாதந்தோறும் மடல் அனுப்புகிறவள்.

திரையைப் பார்த்தவள் வாயில் கை வைத்தாள்.

"ஆத்தாடி! யக்கா, லிஸ்ட்ல ஒத்த ஆளுதான் இருக்காரு."

"யாரு?"

"நம்ம அண்ணாச்சிதான். அவருக்கு அவரே அனுப்பி, அவரே தொறந்து பாத்திருக்காரு. நூத்துக்கு நூறு வராம என்ன செய்யும்?"

"வேற என்ன இருக்கு?"

"அனுப்பாத மெயில் இருபத்தி மூணு. பொறவு ஒரு படிவம். குட்டி கேக்குதவுக இத நெரப்பணுமாம். நாப்பத்தி மூணு கேள்வி! கேளுங்க: 'மலைக்காற்று உங்கள் வீட்டுக்கு எந்தத் திசையிலிருந்து வருகிறது?' இன்னொண்ணு, முப்பத்தொண்ணாவது: 'வீட்டில் இறுதி முடிவை எடுப்பவர் நீங்கள்தானா? ஆம் அல்லது இல்லை.' யக்கா, எனக்குச் சம்பந்தம் பேச வந்தப்பக்கூட எவரும் இம்புட்டுக் கேக்கல!"

அப்போதுதான் அவருடைய திட்டம் முழுவதும் எனக்கு விளங்கியது. வாசலுக்குப் பாலோடு ஆள் வந்தால் அவர் மறுக்க முடியாது. ஆகவே ஆளே வாசலுக்கு வராத ஒரு வழியைத் தேடியிருக்கிறார். மின்னஞ்சலில் பால் வராது. தொடங்கிக்கொண்டே இருந்தால் முடிக்கவும் வேண்டியதில்லை. ஆறில் ஒன்றைக்கூடப் பிரிய அவருக்கு மனமில்லை.

"வரட்டும், நிறுத்தி வச்சுக் கேளுங்க" என்றாள் ஞானபாக்கியம்.

"கேக்க மாட்டேன். கேட்டா விளக்கம் சொல்வாக. அந்த விளக்கம் சூடேற இன்னும் ஒரு மாசமாகும். நீ புதுசா ஒரு பட்டியல் தொடங்கு."

நான் கற்பித்த பள்ளியின் பழைய மாணவர் சங்கத்துக்கு நானே செயலாளர். செய்திகள் அனுப்பலாம் என்று சம்மதித்து முகவரி கொடுத்தவர்கள் நானூற்றுப் பன்னிருவர்.

"அனுப்புதது ஆரு பேர்ல?"

"அவிய பேர்லயே போகட்டும். நாய் அவியளோடதுதான?"

"பதில் ஆருக்கு வரணும்?"

"எனக்கு."

மடலை நான் எழுதினேன். 'ராஜபாளையம் இனக் குட்டிகள் ஆறு உள்ளன. இடத்தையும், நாயைப் பராமரிக்கப் போகிறவரின் பெயரையும் நாளை மாலைக்குள் தெரிவிக்கவும். தேர்ந்தெடுக்கப்பட்டோர் தேருக்கு முந்திய ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு ஒரு சொம்பு பாலுடன் வரவும். பால் காய்ச்சி ஆறியதாக இருக்க வேண்டும்.' ஞானபாக்கியத்துக்கு ஊற்றி வைத்த காப்பி ஆறுவதற்குள் மடல் போய்ச் சேர்ந்தது.

முப்பத்தேழு பதில்கள் வந்தன. எனக்குப் படிவம் தேவைப்படவில்லை. தாவரப் பதிவேட்டை ஒழுங்காக வைத்திருந்த பிள்ளை நாயையும் ஒழுங்காக வைத்திருக்கும். ஆறு பேரைத் தேர்ந்தெடுத்து மறுமடல் போட்டேன்.

ஞாயிறன்று காலை கணவர் உற்சாகமாக இருந்தார்.

"இன்னைக்குப் பட்டன் கலர் மாத்துதேன். பச்சைக்கு நல்ல வரவேற்பாம்."

அழைப்பு மணி அடித்தது. வத்திராயிருப்பில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் வேல்பாண்டி கையில் சொம்போடு நின்றான்.

"வணக்கம் சார். ஒங்க மெயில் கெடச்சுது."

"என் மெயிலா? அது போயிருச்சா?"

"பால் காய்ச்சி ஆற வச்சுத்தான் கொண்டாந்திருக்கேன் சார்."

அவனுக்குப் பின்னால் மகாராஜபுரத்து வெள்ளத்தாய் நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் நான்கு சொம்புகள் தெரிந்தன. கணவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"சாஃப்ட்வேர் சூடேறிருச்சு போலிருக்கு" என்றேன்.

தந்தை வகுத்த கட்டை மீற அவரால் முடியாது. சங்கு வேல்பாண்டியின் பாலைக் குடித்தாள். வெள்ளத்தாயின் பாலையும் குடித்தாள். ஐந்து சொம்புகள் காலியாயின. ஐந்து குட்டிகள் போயின. ஒவ்வொன்றும் படியிறங்கியபோது அவர் அதன் காதில் ஏதோ சொன்னார். நான் கேட்க முயலவில்லை.

ஆறாவதாக வந்தவள் அனுசியா. சங்கு அவளுடைய சொம்பை முகர்ந்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துவிட்டாள். வயிறு நிறைந்துவிட்டது.

"குடிக்கல!" கணவர் துள்ளி எழுந்தார். "எல்லாரும் பாத்துக்கோங்க, குடிக்கல! எங்க அப்பா கட்டுன கட்டு. இந்தக் குட்டி எங்கயும் போகாது!"

அனுசியா என்னைப் பார்த்தாள். விதி விதிதான் என்று சொல்லி அவளை அனுப்பிவைத்தேன். கணவர் அந்தக் குட்டிக்கு ஜெயம் என்று பெயரிட்டு, மதியம் முழுவதும் தோளில் சுமந்து திரிந்தார்.

மாலை நான்கு மணி. சங்குவுக்குப் பசிக்கும் நேரம் எதுவென்று இத்தனை நாளாக வேளை தவறாமல் சோறு வைத்தவளுக்குத் தெரியும். ஒரு சொம்பு பாலை எடுத்துச் சென்று வைத்தேன். அடி தெரியக் குடித்தாள்.

"மரகதம்! நீ வெளியாள் இல்லையே!"

"வெளியாள்தான் கொண்டாரணும்னு மாமா சொன்னதா நீங்க ஒருநாளும் சொல்லலையே."

அவர் காலிச் சொம்பைக் கவிழ்த்துப் பார்த்தார்.

ஜெயம் அன்றே மாடியில் என் அறைக்குக் குடியேறியது. கூடவே சங்குவும் வந்தாள். மூவருக்குமேல் அங்கே இடமில்லாததால், கணவருக்குப் பின்கட்டில் உறவினர்கள் வரிசையில் பன்னிரண்டாவது பாய் விரிக்கப்பட்டது. தேருக்கு முதல் நாள் மாலை அவர் அறை வாசலில் வந்து நின்றார்.

"குட்டியச் செத்த நேரம் தூக்கி வச்சுக்கிடட்டுமா?"

"படிவம் இருக்கே. நெரப்பி அனுப்புங்க."

நான் வேடிக்கை பேசும் வழக்கமுடையவள் அல்லேன். அது அவருக்குத் தெரியும். கீழே போய்க் கணினியைத் திறந்தார். அரை மணி நேரத்தில் படிவம் எனக்கு வந்து சேர்ந்தது. மலைக்காற்றின் திசை உட்பட நாற்பத்திரண்டு கேள்விகளுக்கு மிகச் சரியாக விடையளித்திருந்தார்.

'இறுதி முடிவை எடுப்பவர் நீங்கள்தானா?' என்ற முப்பத்தொன்றாவதை மட்டும் வெறுமையாக விட்டிருந்தார்.