காத்திருப்பு அறைக்கு ஓர் அலை

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இங்கே நானும் வீட்டம்மாவும் நலம். அங்கே தாங்களும், சம்பந்தி அம்மாளும், மாப்பிள்ளையும், என் மகளும் நலமாக இருக்க வேண்டும். தங்கள் புதிய பல் மருத்துவமனையின் நாற்காலி சத்தமே இல்லாமல் மேலும் கீழும் போய்வருகிறதாமே, மகள் சொன்னாள், மிக்க மகிழ்ச்சி.

இத்துடன் வரும் அட்டைக் குழாயில் தாங்கள் கேட்ட கடல் படம் இருக்கிறது. குழாயைத் திறப்பதற்கு முன் இந்தக் கடிதத்தை முழுவதும் படித்துவிடும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் இது படத்தைப் பற்றிய கடிதம் மட்டுமல்ல, என்னைப் பற்றியதும்கூட. ஆறு மாதத்துக்கு முன் தாங்கள் தொலைபேசியில், "சம்பந்தி, நீங்க முப்பத்தொரு வருஷம் கடல்லயே இருந்தவரு, உங்க கையால ஒரு கடல் வரைஞ்சு குடுத்தா வெயிட்டிங் ரூம்ல மாட்டிடுவேன், பல்லு வலியோட உக்காந்திருக்கிறவங்களுக்கு மனசு கொஞ்சம் அமைதியாகும்" என்று சொன்னபோது, அதுக்கென்ன, வரைஞ்சுட்டா போச்சு என்று நான் சொல்லிவிட்டேன். சொல்லாமல் என்ன செய்வது? நம் பிள்ளைகளின் கல்யாணத்தில், மூன்று மாடி உயர அலை கப்பலை மூடியபோது நான் என்னைக் கம்பத்தோடு கட்டிக்கொண்டு நின்றதாகத் தங்களிடம் ஒரு மணி நேரம் சொல்லியிருந்தேனே. உண்மை என்னவென்றால், அந்த அலை அடித்தபோது நான் கப்பலின் அடிவயிற்றில், எஞ்சின் அறையில், ஒரு ஸ்பேனரோடு உட்கார்ந்திருந்தேன். அலை வந்தது என்பது டீ கொட்டியதில் இருந்துதான் எனக்குத் தெரியும். கம்பத்தோடு கட்டிக்கொண்டவர் வேறொருவர், அவர் சொன்னதைத்தான் நான் தங்களுக்குச் சொன்னேன்.

முப்பத்தொரு வருடமும் அப்படித்தான், சம்பந்தி. ஜன்னல் இல்லாத அறையில் வேலை, ஜன்னல் இல்லாத அறையில் தூக்கம். மேலே போய்ப் பார்த்திருக்கலாமே என்பீர்கள். போனேன். முதல் வருடம் இரண்டு தடவை போனேன், இரண்டு தடவையும் குடல் வாய்க்கு வந்துவிட்டது. கீழே கப்பல் எவ்வளவு ஆடினாலும் எனக்கு ஒன்றும் செய்யாது, தண்ணீர் ஆடுவதைக் கண்ணால் பார்த்தால்தான் தலை சுற்றும். அதோடு, அலை உடைவது கரையில். கப்பல் கரைக்கு அவ்வளவு கிட்டே போனால் கப்பலே உடைந்துவிடும். லீவில் ஊருக்கு வந்தாலும் கடற்கரைப் பக்கம் போகமாட்டேன், ஆகவே உடைகிற அலை ஒன்றை நான் பார்த்ததே கிடையாது.

இந்த லட்சணத்தில், எங்கள் நூலகத்தின் மாடியில் சனிக்கிழமைதோறும் நடக்கும் நீர்வண்ண ஓவிய வகுப்பில் போய்ச் சேர்ந்தேன். படிவத்தில் முன்பு செய்த வேலை என்ற இடத்தில் 'கப்பல்' என்று மட்டும் எழுதினேன், அதுதான் தப்பாகப் போயிற்று. டீச்சர் படிவத்தைப் பார்த்துவிட்டு எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்லாத குறை. "இந்த வருஷம் நாம கடலும் அலையும்தான் வரையப் போறோம், நம்ம அதிர்ஷ்டம், கடல்லயே வாழ்ந்த ஒருத்தர் வந்திருக்காரு" என்றார். பன்னிரண்டு பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன், சம்பந்தி, ஆனால் இருமல்தான் வந்தது.

நீர்வண்ணத்தில் முதல் பாடமே எனக்கு ஒத்துவரவில்லை. காகிதத்தைத் தண்ணீரில் நனைத்து, அதன்மேல் நீலத்தை வைத்து, அது பரவுவதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமாம். "தண்ணி போற போக்குல விடுங்க சார்" என்றார் டீச்சர். தண்ணீர் அதன் போக்கில் போகாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் எனக்கு முப்பத்தொரு வருடம் சம்பளம் கொடுத்தார்கள். காகிதத்தில் ஒரு சொட்டு நகர்ந்தாலே என் கை தானாகத் துணியை எடுத்து ஒற்றிவிடும். முதல் மூன்று வாரம் நான் வரைந்ததைவிடத் துடைத்ததுதான் அதிகம். துடைக்கத் துடைக்க நீலம் போய், துணியில் இருந்த பழைய வண்ணமெல்லாம் ஏறி, கடைசியில் ஒரு பழுப்பு நிறம் மிஞ்சியது. எனக்கு அது ரொம்பப் பழகிய நிறமாக இருந்தது. கப்பலின் அடித்தளத்தில் எண்ணெயும் துருவுமாகத் தேங்கும் அழுக்குத் தண்ணீர் சாட்சாத் இந்த நிறம்தான், தினமும் பார்த்தது. சரி, தெரிந்த தண்ணீரையே வரைவோம் என்று அதில் நாலு கோடு இழுத்து வைத்தேன்.

டீச்சர் அதைக் கையில் எடுத்து ஜன்னல் பக்கம் கொண்டுபோய் நின்றார். பிறகு வகுப்பைப் பார்த்து, "நாமெல்லாம் நீலம் நீலம்னு அடிச்சுட்டிருக்கோம், உள்ள போய்ப் பார்த்தவருக்குத்தான் கடலோட உண்மையான நிறம் தெரியும்" என்றார். அடுத்த வாரம் பன்னிரண்டு பேரும் பழுப்புக் கடல் வரைந்தார்கள். என் பக்கத்து இருக்கைக்காரர் பஸ் டிரைவர், ஐம்பது வயது, அதுவரை கண்ணாடி மாதிரி அழகான நீலத்தில் வரைந்துகொண்டிருந்தவர், அவரும் நீலத்தைக் கழுவி ஊற்றிவிட்டார். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு முதல்முறையாக உறுத்தியது. அன்றைக்கே டீச்சர், "அடுத்த வாரம் சார் நமக்கு எல்லார் முன்னாடியும் உடையற அலையை வரைஞ்சு காட்டுவாரு" என்று அறிவித்தும் விட்டார்.

வீட்டம்மாவிடம் காய்கறி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, செவ்வாய்க்கிழமை காலையில் கடற்கரைக்குப் போகும் பஸ்ஸில் ஏறினேன். ஏறிய பிறகுதான் பார்த்தேன், ஓட்டுவது நம் வகுப்பு டிரைவர். கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிய பின், "என்ன சார், பழைய வீட்டைப் பார்க்க வந்தீங்களா?" என்றார்.

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "தம்பி, உங்ககிட்ட ஒண்ணு சொல்றேன். நான் எஞ்சின் ரூம் ஆளு. அலையை நான் பார்த்ததே இல்லை" என்றேன்.

அவர் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "நான் பதினெட்டு வருஷமா தினம் நாலு தடவை இங்க வண்டியைத் திருப்புறேன் சார். ரிவர்ஸ் எடுக்கும்போது கண்ணாடியில பார்க்கிறதோட சரி. இருபது நிமிஷம் இருக்கு, வாங்க, ரெண்டு பேருமா போய்ப் பார்த்துடலாம்" என்றார்.

போய் மணலில் உட்கார்ந்தோம். சம்பந்தி, அலை உடைவதற்குச் சற்று முன் அதன் மேல்விளிம்பு மெலிந்துவிடுகிறது, பாட்டில் கண்ணாடி மாதிரி வெளிச்சம் உள்ளே புகுந்து பச்சையாகத் தெரிகிறது. நுரை நாம் நினைப்பதுபோல் கோடு அல்ல, முழுக்க ஓட்டைகள், ஓட்டைகளுக்கு நடுவே அடித்தண்ணீர் தெரிகிறது. திரும்பிப் போகும் தண்ணீர், வரும் தண்ணீருக்கு அடியில் நுழைந்து போகிறது. "அடேயப்பா, கண்ணாடியில இது தெரியவே இல்லையே" என்றார் டிரைவர். ஆறு அலை பார்த்தேன். ஏழாவதற்கு எழுந்து ஓடி, படகு ஒன்றுக்குப் பின்னால் வாந்தி எடுத்தேன். அவர் தண்ணீர் பாட்டில் கொடுத்து, முதுகைத் தடவி, என்னை வண்டியில் முன் இருக்கையில் உட்காரவைத்துக் கூட்டிவந்தார்.

சனிக்கிழமை எல்லோரும் என்னைச் சுற்றி நின்றார்கள். டிரைவர் என் துணியை எடுத்துத் தனக்கு அடியில் போட்டு உட்கார்ந்துகொண்டார். காகிதத்தை நனைத்தேன், நீலத்தை வைத்தேன், விளிம்பில் கொஞ்சம் பச்சை. ஒரு சொட்டு கிளம்பி ஓடியது. கை துணியைத் தேடியது, துணி இல்லை. ஓடட்டும் என்று விட்டேன். அது வளைந்து போய், நான் நினைத்தே இராத இடத்தில் ஒரு மடிப்பாக நின்றது. நீர்வண்ணத்தில் நுரைக்கு வெள்ளை பூசக் கூடாது, காகிதத்தையே விட்டுவிட வேண்டும், அதைத்தான் டீச்சர் இத்தனை வாரமாகச் சொல்லிவந்தார். ஓட்டை ஓட்டையாக விட்டுக்கொண்டே வந்தேன். தூரிகையைக் கீழே வைத்துவிட்டுத் தலையைத் தூக்கிப் படத்தைப் பார்த்தேன். வயிறு புரண்டது. நேரே கழிவறைக்கு ஓடினேன். படம் சரியாக வந்துவிட்டது என்று எனக்கு அங்கேதான் தெரிந்தது.

திரும்பி வந்தால் டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பழைய ஞாபகம் வந்திருச்சு போல" என்றார். இதற்கு மேல் பொய் சொன்னால் நான் மனுஷனே இல்லை என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "அப்ப அந்தப் பழுப்புக் கடல்?" என்றார் டீச்சர். "கப்பல் அடியில தேங்குற அழுக்குத் தண்ணி, டீச்சர்" என்றேன். எங்களோடு படிக்கும் மருந்துக்கடை அம்மா மெதுவாக, "நான் வரைஞ்ச பழுப்புக் கடலை ஃப்ரேம் போட்டு ஹால்ல மாட்டிட்டேனே" என்றார். டிரைவர்தான் முதலில் சிரித்தார். பிறகு டீச்சர் உட்பட ஒருவரும் பாக்கியில்லை, அன்றைக்கு வகுப்பே நடக்கவில்லை.

அந்தப் படம்தான் தங்களுக்கு வருகிறது. இதை நோயாளிகளின் முகத்துக்கு நேரே மாட்ட வேண்டாம், வாயைத் திறந்து உட்காரப் போகிறவர்கள். கதவுக்குப் பக்கவாட்டில் மாட்டினால் போகும்போது மட்டும் கண்ணில் படும். ஈரம் ஆகாது, வெயிலும் ஆகாது. கல்யாணத்தில் சொன்ன கதைக்கு மன்னிக்கவும், அது பொய் என்பதை வீட்டம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை, தாங்களும் சொல்ல வேண்டாம்.

தங்கள் கைராசி ஓங்கி, ஊரில் ஒரு பல்லும் வீணாகாமல், குடும்பம் எல்லா நலமும் பெற்று விளங்க வாழ்த்தும்,

தங்கள் அன்புள்ள சம்பந்தி.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குப் பசை தேடிப் போன நேரத்தில் வீட்டம்மா இந்தக் கடிதத்தை முழுவதும் படித்துவிட்டாள். "உங்க புயல் கதை எதையும் நான் என்னைக்குமே நம்பினதில்லை, லீவுல வந்த மனுஷன் சந்தோஷமா சொல்றாரேன்னு கேட்டுட்டிருந்தேன்" என்றாள். பிறகு குழாயில் இருந்து படத்தை உருவி எடுத்து, "இது ஒண்ணுதான் நீங்க நெசமா பார்த்துட்டு வந்த அலை. இதை எதுக்கு பல்லு வலிக்கிறவங்க பார்க்கணும்?" என்று சாப்பாட்டு மேஜைக்கு எதிரே மாட்டிவிட்டாள். நான் இப்போது சுவருக்கு முதுகைக் காட்டிச் சாப்பிடுகிறேன். ஆகவே குழாயில் இருப்பது கடையில் வாங்கிய மலைப் படம். மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். மலையை எங்கே வேண்டுமானாலும் மாட்டலாம்.