மீசைக்காரன் படமும் ஒரு வாரக் கூடுதல் விடுப்பும்

அன்புத் தங்கை செல்லத்தாய்க்கு, தூத்துக்குடியிலிருந்து அண்ணன் மந்திரமூர்த்தி எழுதிக்கொள்வது. இங்கே உப்பளக் காற்று நலம், உன் மகன் பாலகணேஷ் பரம நலம், நான் மட்டும் சுமார். அங்கே சென்னையில் உன் மகள் உமாராணியும் மருமகனும் புதுப் பேரனும் சுகமாக இருக்கத் திருச்செந்தூர் முருகன் பார்த்துக்கொள்வான்.

நிற்க. வியாழக்கிழமை திரும்ப வேண்டிய நீ, இன்னும் ஒரு வாரம் பேரனோடு இருந்துவிட்டு வரட்டுமா என்று கேட்டிருந்தாய். முப்பத்திரண்டு வருஷமாக, வயசு ஏறியும் குழந்தையாகவே இருக்கிற பாலகணேஷை விட்டுவிட்டு நீ ஒரு ராத்திரிகூட வெளியே தங்கியதில்லை என்பது எனக்குத் தெரியும். உனக்குப் பதிலாக நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நானாக முன்வந்ததும், அதைத் துறைமுக ஓய்வு பெற்றோர் சங்கத்தில் எழுந்து நின்று சொல்லிக் கைதட்டு வாங்கியதும் உண்மை. ஆனாலும் முடியாது. போனில் சொல்லலாம் என்றால், நான் வாயைத் திறக்குமுன்னே "என்னண்ணே, அவன் சாப்ட்டானா?" என்று நீ ஆரம்பித்துவிடுகிறாய். அதனால்தான் இந்தக் கடிதம். பக்கத்து வீட்டு ஜெபகனி டீச்சர் இதைப் போட்டோ எடுத்து அனுப்புவார்கள்.

பாலகணேஷுக்கு எழுத்து வராது, படம் பார்த்தால்தான் விவரம் புரியும் என்று குளிர்சாதனப் பெட்டியில் நீ ஒட்டிவிட்டுப் போன தாளைச் சொல்கிறேன். ஞாயிறு முதல் வியாழன் வரை நாளுக்கு ஒரு வரிசை, நல்ல ஏற்பாடுதான். ஆனால் மழுமழுவென்று சவரம் செய்த பிள்ளைக்கு மீசையும் கண்ணாடியும் ஏன் வரைந்தாய்? சித்திரம் உனக்குச் சின்ன வயசிலேயே வராது. அது போகட்டும். முதல் கட்டத்தில் மீசைக்காரன் கடற்கரையில் நடக்கிறான். சரி, இவனை நடக்கவைக்க வேண்டுமாக்கும் என்று கூட்டிப்போனால், இவன் என் கையைப் பிடித்து இழுக்கிறான், மேடு வந்தால் "மாமா, மெல்ல" என்கிறான், டீக்கடை டீக்கடையாக நிறுத்தி "இது மாமா. மாமா பாவம்" என்று அறிமுகம் செய்கிறான். கடைக்காரர் செந்தில்முருகனும் "ஆமாலே, பாவம்தான். பாத்துக் கூட்டிட்டுப் போ" என்கிறார்! அடுத்த கட்டத்தில் சீனி டப்பாவின் மேல் பெருக்கல் குறி. அவனுக்குச் சீனி போடாத டீயும் எனக்குச் சீனி போட்டதும் ஆற்றி வைத்துவிட்டுத் திரும்பினால் டம்ளர்கள் இடம் மாறியிருக்கின்றன, நாலு நாளும் இதே கூத்துத்தான். நான் அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்த அரைக் கிலோ மக்ரூன் இனிப்பைத் தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் பங்கு வைத்துவிட்டான், இந்தப் பாவத்தை நான் எங்க போய்ச் சொல்ல? மத்தியானம் படுத்திருக்கும் படம். "ஏலே, படுலே" என்றால், பாயை விரித்து என்னைப் படுக்க வைத்து முதுகில் தட்டிக்கொடுக்கிறான். முப்பத்திநாலு வருஷம் துறைமுக ஷிப்டில் கண்ணசராதவன், வேலை நேரத்தில் குறட்டை விட்டேன். அதற்கும் மேல், ரெண்டு தட்டுப் படம். உன் மதினி போய்ச் சேர்ந்த இந்த எட்டு மாசத்தில் நான் நின்றபடியே எதையாவது வாயில் போட்டுக்கொள்கிற ஆள், உனக்குத் தெரியும். நான் எதிரே உட்காராதவரை இவன் சோற்றைத் தொடமாட்டேன் என்கிறான். பிள்ளை பட்டினி கிடக்குமே என்று நானும் மூன்று வேளையும் உட்கார்ந்து தின்று தொலைக்கிறேன், வேட்டி இறுக்கிப் பிடிக்கிறது.

சொன்னபடி கேட்காத ஆளை வைத்துக்கொண்டு ஒரு நாள்கூட நீட்டிக்க முடியாது. வியாழக்கிழமை ரயிலில் வந்து சேரவும். பேரனுக்கு என் ஆசீர்வாதத்தைச் சொல், உமாராணியைக் கேட்டதாகச் சொல்.

உன் அண்ணன்,
மந்திரமூர்த்தி

பி.கு.: போட்டோ எடுக்க வந்த ஜெபகனி டீச்சர், இதைப் படித்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "அண்ணாச்சி, அந்தப் படத்துல இருக்கது அவனில்ல, நீங்கல்லா! எங்க வீட்ல வச்சுத்தான் வரைஞ்சா. 'அண்ணன் தனியாக் கெடந்து காயுதான், நீ பாத்துக்கோய்யா'ன்னு இவன்கிட்ட படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டுல்லா போயிருக்கா" என்றார்கள். மீசை என் மீசை, கண்ணாடி என் கண்ணாடி. நானாகத்தான் முன்வந்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே, கள்ளி! எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைப்பானேன். பாலகணேஷ் துண்டை எடுத்து என் முகத்தைத் துடைத்துவிட்டான். அதற்கு உன் தாளில் படமே இல்லை.

ஆகவே மேலே எழுதியதை அடித்துவிட்டதாக வைத்துக்கொள். ஒரு வாரம் இல்லை, பத்து நாள் இருந்துவிட்டு வா. ஆனால் இன்றைக்கே உட்கார்ந்து மிச்ச நாளுக்கும் வரைந்து அனுப்பு. வியாழக்கிழமை வரிசைக்குக் கீழே வெற்றிடத்தில் விரலை வைத்துக்கொண்டு இவன் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறான்: "பொறவு? பொறவு மாமாவுக்கு என்ன?"