பதினாறு கோருக்கு வீட்டுக்காரி

இந்த மாதம் என் வீட்டுக்குள் பதினாறு கோர் ப்ராசஸர் நுழைய வேண்டும். இல்லையென்றால் நான் வெளியேற வேண்டும். இப்படி ஒரு சபதம் எடுத்தேன். பல் துலக்கும்போது எடுத்ததால் என் மனைவி பாவ்ஜூவின் காதில் விழவில்லை. என் சபதங்களை எல்லாம் நான் அப்போதுதான் எடுப்பது வழக்கம்.

தைவானில் எங்கள் சின்சூ ஊரில் பாதிப் பேர் கம்ப்யூட்டர் சிப் செய்கிறார்கள். நான் அவர்களுக்கு மூக்குக் கண்ணாடி விற்கிறேன். கடையை மூடிவிட்டால் நான் பந்தய வீரன். சாப்பாட்டு மேஜையில் ஸ்டீயரிங்கை முடுக்கி, மேஜைக்கடியில் பெடலை வைத்து, கம்ப்யூட்டரில் கார் ஓட்டுவேன். பொம்மை விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். டயர் சூடாவது, பெட்ரோல் குறையக் குறைய வண்டி லேசாவது எல்லாம் அசல் கணக்கு. எங்கள் குடியிருப்பில் ஞாயிறுதோறும் பந்தயம். நான்கு பேர் அவரவர் வீட்டிலிருந்து ஓட்டுவோம். மீதிக் கார்களைக் கம்ப்யூட்டரே ஓட்டும். சீசன் முழுக்க நான்தான் கடைசி. ஆளே இல்லாத கார்களுக்கும் பின்னால்.

அதற்குக் காரணம் நான் அல்ல. முதல் வளைவில் முப்பது காரும் ஒன்றாக நுழையும்போது என் திரையில் படம் விக்கும். விக்கல் நிற்கும்போது நான் சுவரில் இருப்பேன். என் கம்ப்யூட்டரில் எட்டு கோர். நான்காவது மாடி லுவோவிடம் பதினாறு. அவன் ஜெயிக்கிறான். இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அடுத்த ஞாயிறு இறுதிப் பந்தயம். கோளாறு கோரில்தான், என்னிடம் இல்லை என்று அதிலாவது ஊருக்கு நிரூபித்தாக வேண்டும். மானப் பிரச்சினை.

பாவ்ஜூவுக்கு ரயில் நிலையத்தின் பின்னால் ஒரு கட்டடம் உண்டு. அதை ஒற்றை அறைகளாகத் தடுத்து வாடகைக்கு விட்டிருக்கிறாள். ஓர் அறை காலியாகக் கிடந்தால் அவளுக்குத் தொண்டையில் சோறு இறங்காது. அப்படிப்பட்டவளிடம் விக்கலை நேரில் காட்டிவிடுவது என்று திட்டம் போட்டேன். அன்று பார்த்து மெஷின் ஒழுங்காக ஓடிவிட்டால்? அதனால் கம்ப்யூட்டர் மேலே எப்போதும் வைத்திருக்கும் பச்சைப் பொட்டலத்தை எடுத்து ஒளித்தேன். தேங்காய் வாசனைச் சோளப்பொரி. 'சமத்தாயிரு' என்று பெயர். அது தலைமேல் இருக்கும்வரை எங்கள் ஊரில் எந்த இயந்திரமும் மக்கர் பண்ணாது. வங்கியிலேயே வைத்திருக்கிறார்கள்.

பலன் கைமேல் கிடைத்தது. முதல் வளைவிலேயே படம் உறைந்தது.

"பாரு, பாரு! விக்குது!"

"தண்ணி குடுங்க," என்றாள். ஆனால் போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்தால் கேள்வி கேட்பாள். கேள்வி கேட்டால் எனக்கு வியர்க்கும்.

"இத்தனை காரையும் யாருங்க ஓட்டுறாங்க?"

"ப்ராசஸர்தான். உள்ள எட்டு கோர் இருக்கு. எட்டு வேலையாள்னு வெச்சுக்கோயேன். ஒருத்தன் சத்தத்தைப் பார்ப்பான். ஒருத்தன் மத்த கார் எல்லாம் எங்க பிரேக் போடணும்னு யோசிப்பான். இன்னொருத்தன் படத்துக்கு வேண்டியதை எடுத்துக் குடுப்பான்."

"உங்க கார்?"

"அதுதான் பெரிய வேலை. டயரு, ஸ்பிரிங்கு, ரோட்டு மேடு பள்ளம்... ஒரு நொடிக்குள்ள நூத்துக்கணக்கான தடவை கணக்குப் போடணும்."

"அதையும் எட்டுப் பேரும் பங்கு போட்டுக்கலாமே?"

"முடியாது பாவ்ஜூ. இப்ப டயர் எங்க நிக்குதுன்னு தெரிஞ்சாத்தான் அடுத்து எங்க போகும்னு சொல்ல முடியும். ஒண்ணு முடிஞ்சுதான் ஒண்ணு."

"ஓ. சோறு வெந்தப்புறம்தானே வறுக்க முடியும், அந்த மாதிரி. அப்ப மத்தவன் வேலையைச் சீக்கிரம் முடிச்சுட்டா?"

"காத்துக்கிட்டு இருப்பான். எல்லாரும் முடிச்சாத்தான் அடுத்த படம் வரும்."

எவ்வளவு தெளிவாக விளக்குகிறேன் என்று எனக்கே பெருமையாக இருந்தது. அவள் கண்ணில் ஆர்வம் மின்னியது. "அவங்க வேலை செய்யறதை நான் பார்க்க முடியுமா?" என்றாள். மடையன் நான், காட்டினேன். திரையில் கோருக்கு ஒன்றாக எட்டுக் கட்டம். ஒன்றில் கோடு உச்சியைத் தொட்டுக்கொண்டிருந்தது. மற்றவற்றில் கணுக்கால் அளவுகூட இல்லை.

"ஏங்க, ஒருத்தன் முதுகு ஒடிய உழைக்கிறான். மீதி ஏழு பேரும் காலை நீட்டிப் படுத்திருக்காங்க. ஆள் பத்தாமலா விக்குது? இதுல பதினாறு எதுக்கு?"

உண்மையில் புது ப்ராசஸரில் ஒவ்வொரு கோருக்கும் வேகம் அதிகம். எனக்கு வேண்டியதும் அதுதான். ஆனால் அதைச் சொன்னால் 'அப்ப புதுசா எட்டே வாங்குங்க' என்பாள். லுவோவிடம் பதினாறு இருக்கிறதே!

"புது கேம் வந்திருக்கு. அது பதினாறையும் பிழிஞ்சு எடுத்துடும். ஒண்ணுகூட சும்மா இருக்காது."

"இருந்தா?"

"சும்மா இருக்கற கோர் எல்லாம் உனக்கு. போதுமா?"

சிரித்தாள். குடித்தனக்காரர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போது அவள் சிரிக்கும் அதே சிரிப்பு. "வாங்கிக்கோங்க," என்றாள்.

வியாழக்கிழமை வந்து இறங்கியது. புதுப் பச்சைப் பொட்டலம் வைத்தேன். ஓட்டினேன். விக்கல் இல்லை! துள்ளிக் குதித்துவிட்டுக் கட்டங்களைத் திறந்தால், ஆறில்தான் அசைவு. பத்தும் வெள்ளையடித்த காலி அறை.

சும்மா விடுவேனா? காரணமே இல்லாமல் எண்களைப் பெருக்கிக்கொண்டே இருக்கும் ஒரு புரோகிராம் கிடைத்தது. அதைத் தட்டினால் பதினாறு கட்டமும் நிரம்பி வழியும். உள்ளே இருக்கும் விசிறி புயல் எச்சரிக்கை போல அலறும். பாவ்ஜூ வரும் சத்தம் கேட்டால் தட்டுவேன். அவளும் வந்துகொண்டே இருந்தாள். ஒரு தடவை டீயோடு. ஒரு தடவை நறுக்கிய கொய்யாவோடு. ஒரு தடவை வெறுங்கையோடு.

சனிக்கிழமை ஒத்திகைப் பந்தயம். வந்தவள் போகவில்லை. பின்னால் உட்கார்ந்து டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள். வேறு வழியில்லாமல் பெருக்கலையும் ஓடவிட்டு, காரையும் ஓட்டினேன். முதல் வளைவு. என் டயர்க் கணக்குப் போடும் பாவப்பட்ட கோர், வேலையில்லாப் பெருக்கல் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு முழித்தது. விக்கல். சுவர்.

"என்ன ஜியன் அண்ணே," ஹெட்செட்டில் லுவோவின் குரல். "புது மெஷின்லயும் அதே சுவர்தானா?"

மற்ற இருவரும் சிரித்தார்கள். எனக்கு அவமானம் தாங்கவில்லை. மெல்லச் சுண்டுவிரலால் பெருக்கலை நிறுத்தினேன். பத்துக் கட்டங்களும் தொப்பென்று விழுந்தன. விசிறி அடங்கியது. அவள் டீ உறிஞ்சும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

"பத்து," என்றாள்.

"அது வந்து... இப்பத்தான்..."

"வியாழக்கிழமையே தெரியுங்க. நீங்க உட்கார்ந்து நூடுல்ஸ் சாப்பிடறீங்க, இது மட்டும் தனியா அலறுது. யாருமே கார் ஓட்டாதப்ப என்ன அப்படி வேலை? காலி ரூம்ல விளக்கைப் போட்டு வெச்சா குடித்தனம் ஆயிடுமா? அதுவும் என்கிட்டயேவா?"

"தெரிஞ்சும் ஏன் சும்மா இருந்தே?"

"எவ்வளவு நாள் அந்தப் பத்துப் பேருக்கும் வேலை குடுக்கறீங்கன்னு பார்க்கலாம்னுதான். பாவம், ரொம்ப உழைச்சீங்க."

அன்று மாலையே குடித்தனம் வந்துவிட்டது. பாவ்ஜூவின் தங்கை ஜின்யே கல்யாண வீடியோ எடுப்பவள். எடுத்ததைத் தயார் செய்யும் வேலை இனி அந்தப் பத்துக் கோருக்கு. வீடியோவைத் துண்டு துண்டாக நறுக்கி ஆளுக்கு ஒன்று கொடுத்துவிடலாம். யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம்.

"பார்த்தீங்களா, இது பங்கு போடற வேலை. உங்க டயர் மாதிரி இல்ல," என்று பாவ்ஜூ எனக்கே பாடம் நடத்தினாள். பிறகு, "ஆறு கோரை உங்களுக்குன்னு ஒதுக்கி, நடுவுல தடுப்பு போட முடியுமா?" என்று கேட்டாள். முடியும். என் கையாலேயே போட்டுக் கொடுத்தேன்.

ஆனால் உள்ளுக்குள் எனக்கு ஒரே குஷி. நாளை தோற்றாலும் கவலையில்லை. பத்துக் கோரை மைத்துனி பிடுங்கிக்கொண்டாள் என்று சொல்லிவிடலாம். பழைய சாக்கைவிடப் புதிய சாக்கு கனமாகவே இருந்தது.

ஞாயிறு இறுதிப் பந்தயம். அந்தப் பக்கம் பத்துக் கோரில் யாரோ ஒரு மணப்பெண் படியிறங்கிக்கொண்டே இருந்தாள். இந்தப் பக்கம் ஆறு கோரில் நான். பாவ்ஜூ பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். முதல் வளைவில் முப்பது காரும் நுழைந்தன. படம் வழுக்கிக்கொண்டு போனது. ஒவ்வொரு காரும் பளிச்சென்று தெரிந்தது. ஒவ்வொன்றாக என்னைத் தாண்டிப் போவதும் பளிச்சென்று தெரிந்தது. வழிதவறிச் சுற்றி நின்ற ஆளில்லாக் கார்கூடத் திரும்பி வந்து என்னைத் தாண்டியது. கடைசியாகக் கோட்டைக் கடந்தேன்.

"என்ன அண்ணே," என்றான் லுவோ. ஹெட்செட்டுக்கு வெளியேயும் கேட்டது. குரலில் உண்மையாகவே இரக்கம் இருந்தது. "இன்னைக்கும் விக்கிடுச்சா?"

நான் தொண்டையைச் செருமினேன். அதற்குள் பாவ்ஜூ குனிந்து, மைக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"இல்லைங்க. நான் பக்கத்துலயே உட்கார்ந்து பார்த்தேன். ஒரு தடவைகூட விக்கல."