வரி ஆபீஸ் லெயாந்த்ரோஸும் என் வீட்டு டெலிபோனும்

கவாலா,
ஜூலை மாதம், வெள்ளிக்கிழமை

மதிப்பிற்குரிய மச்சான் ப்ரொத்ரொமோஸ் அவர்களுக்கு,

உங்கள் தங்கை கலியோப்பியின் கணவன் அனெஸ்டிஸ் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே என்னைத் தவிர எல்லோரும் சௌக்கியம். அங்கே செரெஸில் நீங்களும், வீட்டம்மாவும், உங்கள் ரத்த அழுத்தமும், புது டிராக்டரும் சௌக்கியம்தானே? டிராக்டரின் போட்டோவைக் கலியோப்பி காட்டினாள். ஏசி வைத்த டிராக்டராம். எனக்கு ஒன்றும் பொறாமை இல்லை. என் காரில் ஏசி கிடையாது என்பதை ஒரு தகவலுக்காகச் சொல்கிறேன், அவ்வளவுதான். மாமனார் சொத்தைப் பிரித்தபோது ஆற்றங்கரை நிலம் உங்களுக்கும், கல்லும் முள்ளும் நாலு பாதாம் மரமும் உள்ள மேடு உங்கள் தங்கைக்கும் வந்ததைப் பற்றி இத்தனை வருஷத்தில் நான் வாய் திறந்தது உண்டா? இப்போதும் திறக்கவில்லை. ஆனால் என் வீட்டில் இன்று பற்றி எரிகிற நெருப்பு அந்த மேட்டிலிருந்துதான் கிளம்பியது என்பதால் சொல்ல வேண்டியிருக்கிறது.

இதைப் போனில் சொல்லக்கூடாதா, காகிதத்தை ஏன் கெடுக்கிறான் என்று நினைப்பீர்கள். போன் காலியாக இருந்தால்தானே மச்சான்! ஹாலில் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் போன் ஒரு மாதமாக உங்கள் தங்கையின் காதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. செல்போனில் பேசலாமென்றால் அவளுக்கு இருப்பது பாம்புக்காது என்று உங்களுக்கே தெரியும். அந்தப் போனின் மறுமுனையில் ஓர் ஆண். பெயர் லெயாந்த்ரோஸ். பெயரைப் பாருங்கள், வாயில் வைத்தாலே கரைகிறது. எனக்கு அனெஸ்டிஸ் என்று வைத்தார்கள், கூப்பிட்டால் தும்மல் மாதிரி இருக்கிறது. தன்னை வரி ஆபீஸ் உதவி இயக்குநர் என்று சொல்லிக்கொள்கிறான். உதவி இயக்குநருக்கு என் பெண்டாட்டியிடம் தினம் என்ன வேலை?

முதலிலிருந்து சொல்கிறேன். ஜூன் மாதம் உங்கள் தங்கையின் பெயர்நாள், அவள் பெயர் தாங்கிய புனிதையின் திருநாள், வந்தது. நம்மூரில் பிறந்தநாளை மறந்தவனுக்கு மன்னிப்பு உண்டு, பெயர்நாளை மறந்தவனுக்குக் கிடையாது. என் பெயர்நாள் ஈஸ்டர் அன்றைக்கு, யாராலும் மறக்க முடியாது, ஊரே ஆடு சுட்டு ஞாபகப்படுத்திவிடும். அவளுடையது ஜூனில் எங்கேயோ ஒளிந்துகொண்டிருக்கிறது. நான் மறந்துவிட்டேன். காலையில் எழுந்து, ஒன்றும் சொல்லாமல், துறைமுகத்துக் காப்பிக்கடைக்குப் போய்ப் பகடை ஆட உட்கார்ந்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து போன் அடித்திருக்கிறது. "அம்மா, உங்க அப்பா நிலத்துக்குப் பல வருஷமா வரி கட்டலை, மூவாயிரத்து இருநூறு யூரோ பாக்கி. இன்னிக்கு மத்தியானத்துக்குள்ள கட்டலைன்னா ஜப்தி. பெட்டிக்கடையில ப்ரீபெய்டு கார்டு வாங்கி நம்பரை எனக்குப் படிச்சுச் சொல்லுங்க. போனை வைக்காதீங்க. யார்கிட்டயும் சொல்லாதீங்க, வீட்டுக்காரர்கிட்டகூட" என்று மூச்சுவிடாமல் சொல்லிவிட்டு, கடைசியில், "இன்னிக்கு உங்க பெயர்நாள் ஆச்சே, நூறு வருஷம் நல்லா இருங்கம்மா" என்றானாம். நான் சொல்ல வேண்டியதை, மச்சான்! என் வீட்டில், என் போனில், நான் கட்டணம் கட்டுகிற லைனில்!

மத்தியானம் வீட்டுக்கு வந்தால் உங்கள் தங்கை ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு திராட்சை இலையில் சோறு வைத்துச் சுருட்டிக்கொண்டிருக்கிறாள். சிரித்துக்கொண்டிருக்கிறாள். "யாரு?" என்றேன். ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு, "வரி ஆபீஸ்" என்றாள். இந்த நாடு உண்டான நாளிலிருந்து வரி ஆபீஸோடு பேசிச் சிரித்தவர்கள் யாராவது உண்டா? அங்கே பேசிவிட்டு அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன், சுவரில் முட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். சிரித்தவளை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அதற்கப்புறம் தினமும். காலையில் நான் காப்பிக்கடைக்குக் கிளம்பும் நேரத்துக்கு உங்கள் தங்கை தலைவாரிக்கொள்கிறாள். போனுக்கு எதற்கய்யா தலைவாரல்? ஒருநாள் லிப்ஸ்டிக்கும் போட்டிருந்தாள். அடுப்பில் என் காப்பி பொங்கி வழிகிறது, இவள் அவனிடம், "சாப்டியாப்பா? என்ன சாப்பிட்டே? ரொட்டியும் சீஸும் ஒரு சாப்பாடா?" என்று உருகுகிறாள். என்னிடம் சாப்பிட்டாயா என்று கேட்டு எத்தனை ஈஸ்டர் ஆகிறதோ. நான் காப்பிக்கடையை நிறுத்திவிட்டுப் படுக்கையறையில் இருக்கிற இன்னொரு ரிசீவரை எடுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்க ஆரம்பித்தேன். தப்புதான். உங்கள் வீட்டம்மா ஒரு லெயாந்த்ரோஸிடம் பேசினால் நீங்களும் கேட்பீர்கள்.

கேட்டேன் மச்சான், கேட்டேன். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது துறைமுகத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நீந்திப் பரிசு வாங்கினாளாமே? எனக்குத் தெரியாது. நான் அவளைக் கடலில் முழங்காலுக்கு மேல் இறங்க விட்டதில்லை, மூழ்கிவிடுவாளோ என்ற பயத்தில். அதையாவது பொறுத்துக்கொண்டேன். அடுத்து என்ன சொன்னாள் தெரியுமா? "எங்க வீட்டுக்காரர் வெள்ளிக்கிழமை தவறாம நெத்திலி வாங்கிட்டு வருவாரு. எனக்கு அந்த வாடையே ஆகாதுப்பா. கல்யாணமான புதுசுல ஆசையா வாங்கிட்டு வந்தாரேன்னு நல்லாருக்குன்னு சொல்லிட்டேன். அன்னிலேருந்து தின்னுக்கிட்டிருக்கேன்" என்றாள். நான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். விலை ஏறின காலத்தில்கூட நிறுத்தாமல் வாங்கிவந்த நெத்திலி மச்சான். இதை என்னிடம் சொல்லாமல் ஒரு வரி ஆபீஸ்காரனிடம் சொல்கிறாள்!

ஒருநாள் அவள் குளியலறைக்குள் இருந்தபோது போன் அடித்தது. பாய்ந்து எடுத்தேன். "டேய், அவ கல்யாணமானவ. மரியாதையா ஒதுங்கிக்கோ" என்றேன். "நீங்கதான் நெத்திலி ஐயாவா?" என்றான். எனக்கு அவன் வைத்திருக்கும் பெயர் அது! "ஐயா, நானே உங்க கால்ல விழணும்னு இருந்தேன். ஒரு மாசமா கார்டு நம்பர் சொல்றாங்க, இதுவரைக்கும் ஏழு நம்பர்தான் வந்திருக்கு. நடுவுல கண்ணாடியைக் காணோம்கறாங்க, அடுப்பை அணைச்சுட்டு வரேன்கறாங்க, திரும்ப முதல்லேருந்து ஆரம்பிக்கறாங்க. எனக்கு மேல ஒருத்தன் இருக்கான் ஐயா, அவன் என்னைத் திட்டறான். மிச்ச நம்பரை நீங்களாவது சொல்லிடுங்களேன்" என்றான். நான் என்ன கேட்டிருக்க வேண்டும், என்ன கேட்டேன் பாருங்கள். "என்னைப் பத்தி அவ வேற என்ன சொன்னா?" என்று கேட்டேன். வைத்துவிட்டான்.

அன்றைக்கே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். ஒரு குடும்பத்தைக் கலைக்கிறான் என்று புகார் எழுதிக் கொடுக்கலாமென்று. மினாஸ் என்று ஒரு சின்ன வயசு சார்ஜென்ட். பெயரைச் சொன்னதும், "ஓ, கலியோப்பி அம்மா வீட்டுக்காரரா! உட்காருங்க" என்றான். அவன் மேஜைமேல் ஒரு நீலத் தகர டப்பா. என் வீட்டு டப்பா மச்சான். டாக்டர் எனக்குச் சர்க்கரை கூடாதென்றதால் தீர்ந்துபோச்சு என்று என்னிடம் சொல்லிவிட்டாளே, அந்த வெண்ணெய் பிஸ்கட். சார்ஜென்டின் மீசையில் பிஸ்கட் தூள் ஒட்டியிருந்தது. உங்கள் தங்கை முதல் நாளே வந்து புகார் கொடுத்துவிட்டாளாம், வந்த நம்பர், நேரம், அவன் சொன்ன வார்த்தை எல்லாம் ஒப்பித்தாளாம். சார்ஜென்ட் எனக்குப் பாடம் நடத்தினான்: "ஐயா, நிஜ வரி ஆபீஸ் இன்னிக்கே கட்டுன்னு போன்ல மிரட்டாது. பெட்டிக்கடை கார்டுல வரி வாங்காது. வீட்டுல சொல்லாதேன்னு எவன் சொன்னாலும் அவன் திருடன். போனை வெச்சுடணும். சந்தேகமா இருந்தா நாமளே ஆபீஸ் நம்பரைத் தேடிக் கூப்பிடணும், அவன் குடுக்கற நம்பருக்குக் கூப்பிடக் கூடாது. ஏமாந்தாலும் வெட்கப்படாம எங்ககிட்ட வரணும். உங்க வீட்டம்மாகிட்டயும் வெச்சுடுங்கன்னுதான் சொன்னேன். கேட்டாத்தானே!" என்றான்.

வீட்டுக்கு வந்து அவளை நேராகவே கேட்டேன், திருடன் என்று முதல் நாளே எப்படித் தெரிந்தது என்று. "ஏன்யா, நம்ம வரி ஆபீஸ்காரன் ஒருத்தன் பெயர்நாள் வாழ்த்துச் சொல்லுவானா? கட்டின புருஷனுக்கே ஞாபகம் இல்லாத நாளு, அவனுக்கு எங்கேருந்து ஞாபகம் வந்துச்சு? அப்பவே தெரிஞ்சுபோச்சு" என்றாள். அப்புறம் எதற்கு ஒரு மாசமாகப் பேச்சு என்றேன். "அவன் என்னோட பேசற நேரம் மூணாம் மாடி எவ்லம்பியாவைக் கூப்பிட முடியாதில்ல? அவ பயந்தவ, ஒரே போன்ல ஓய்வூதியத்தை அள்ளிக் குடுத்துடுவா" என்றாள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "அதோட, நான் பேசினா அவன் கேக்கறான்" என்றாள். முன்னாடி சொன்ன காரணத்தை ஊரே மெச்சும். பின்னாடி சொன்னதுதான் மச்சான் என்னைத் தூங்கவிடாமல் அடிக்கிறது. காசுக்காகக் காது கொடுக்கிறவனைவிட நான் மட்டமாகிவிட்டேனே.

ஆகவே நீங்கள் உடனே கிளம்பி வர வேண்டும். டிராக்டரில் வந்தாலும் சரி. அண்ணன் என்ற முறையில் உங்கள் தங்கையிடம் பேசி, அந்த லெயாந்த்ரோஸ் சகவாசத்தை விடச் சொல்ல வேண்டும். இன்றைக்கு நான் நெத்திலி வாங்கவில்லை. காய்கறிக்கடை வாசலில் ரொம்ப நேரம் நின்றுவிட்டு, அவளுக்கு என்ன பிடிக்கும் என்று தெரியாமல் வெறும் பையோடு திரும்பினேன். உங்கள் குடும்பத்துக்கும், உங்கள் ஆற்றங்கரை நிலத்துக்கும் (எங்கள் நாலு பாதாம் மரத்துக்கும் சேர்த்து) கடவுள் குறையில்லாமல் கொடுக்கட்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உங்கள் தங்கை கணவன்,
அனெஸ்டிஸ்

பின்குறிப்பு: மச்சான், மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போட்டுவிடுங்கள். வர வேண்டாம். கலியோப்பி எலுமிச்சம்பழம் கேட்டு மூன்றாம் மாடிக்குப் போயிருந்த நேரத்தில் ஒரு போன் வந்தது. இது நிஜமான வரி ஆபீஸ். பேசியது ஒரு பெண், பெயர் தாஃப்னி. என்ன மரியாதை, என்ன குரல்! என் உல்லாசப் படகுக்குத் தொள்ளாயிரம் யூரோ வரி பாக்கியாம். என்னிடம் படகு இல்லைதான். ஆனால் என் குரலைக் கேட்டால் படகு வைத்திருக்கிற மனுஷன் மாதிரி இருக்கிறதாம், அப்படிச் சொல்கிறவளிடம் எப்படி இல்லை என்பது? பேச்சுவாக்கில் முழங்கால் வலி என்றேன், அதைப் பற்றிக்கூட விசாரித்தாள். நானும் மனசில் கிடந்ததைக் கொஞ்சம் இறக்கிவைத்தேன். நாளை மத்தியானத்துக்குள் கட்ட வேண்டும், வீட்டில் மூச்சுவிடக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள். கையில் அவ்வளவு இல்லை. நீங்கள் உடனே அனுப்பினால் அடுத்த மாதம் தந்துவிடுவேன். கலியோப்பிக்குத் தெரியவே கூடாது.

அண்ணா, கலியோப்பி எழுதறேன். உறையை மேஜைமேல வெச்சுட்டு ஸ்டாம்ப் வாங்கப் போயிருக்காரு. படிச்சுட்டேன், படிக்காம விட நான் என்ன தபால்காரியா? காசு கீசு அனுப்பிடாதே. தாஃப்னியும் இல்ல, படகும் இல்ல. எவ்லம்பியா வீட்டுக்கு தெஸ்ஸலோனிக்கியிலேருந்து அவ தங்கச்சி வந்திருக்கா. போலீஸ்ல போய்ப் பாடம் கேட்டுட்டு வந்தாரே, மண்டையில ஏறிச்சான்னு பார்க்கலாம்னு அவளை விட்டு நான்தான் பேசச் சொன்னேன். பக்கத்துல உட்கார்ந்து எல்லாத்தையும் கேட்டேன். "என் பெண்டாட்டிக்கு என்ன பிடிக்கும்னு இத்தனை வருஷம் கழிச்சு எப்படிம்மா கேக்கறது, வெட்கமா இருக்கு. அவ என்கிட்ட ஒரு நாளாவது அப்படிச் சிரிச்சுப் பேசினாப் போதும்" அப்படின்னு அவகிட்ட சொல்றாரு. எனக்கு அழுகை வந்துடுச்சு. லெயாந்த்ரோஸ் இனிமே அடிச்சா எடுக்க மாட்டேன், சார்ஜென்ட் பார்த்துக்கட்டும். அது இருக்கட்டும். நான் அந்தத் தங்கச்சிக்காரியை அஞ்சே நிமிஷம் பேசச் சொன்னேன். ஒரு மணி நேரம் பேசினா. முழங்காலைப் பத்திக் கேக்கச் சொல்லி நான் சொல்லவேயில்லை. "நாளைக்கும் கூப்பிடறேன்"னு வேற சொல்லிட்டு, என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கறா. அண்ணா, நீ உடனே கிளம்பி வா.