சி டிரைவுக்கு ஒதுக்கிய இடம்

நியாயமாகப் பங்கு பிரிப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று ஒரு காலத்தில் மனமார நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையை ஒரு கணிப்பொறி குலைத்தது.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. மாநில எல்லையோரத்து மூக்கண்டப்பள்ளியில் பிரேக் உதிரிபாகங்கள் செய்யும் சிறு தொழிற்சாலை ஒன்றில் குமாஸ்தாவாக இருந்தேன். கணிப்பொறி நூலொன்றை வாங்கித் தானே கற்றவன் என்ற பெருமை எனக்கு உண்டு. (பாதி நூல்தான் படித்திருந்தேன், அதை யாரும் கேட்கவில்லை.) ஆகவே எல்லாப் பிரிவுகளுக்கும் பொதுவான கணிப்பொறியாகிய புதிய சர்வரை அமைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. அதன் ஹார்டு டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிக்க வேண்டும். ஸ்டோர்ஸ், கணக்கு, உற்பத்தி என எல்லாப் பிரிவினரையும் அழைத்துப் பேசினேன். அவரவர் சண்டையிட்டுத் தாராளமாகப் பெற்றுச் சென்றனர். எஞ்சிய சிறு துண்டை, சர்வர் தான் இயங்குவதற்கான சி டிரைவாக வைத்தேன். அதன் சார்பில் பேச ஒருவரும் வரவில்லையே!

சில வாரங்கள் கழித்து ஒரு காலையில், சரக்கேற்றிய பெங்களூர் லாரி வாசலில் நின்றது, பில் அச்சாகவில்லை. பில்லின்றிச் செக்போஸ்ட்டைத் தாண்ட இயலாது. இன்னொரு முறை தாமதமானால் ஆர்டரே கிடையாது என்று வாடிக்கையாளர் முன்னரே எச்சரித்திருந்தார். திரையிலோ, சி டிரைவில் இடமில்லை என்ற அறிவிப்பு. அச்சாக வேண்டியவை யாவும் முதலில் அங்கேதான் வந்து தங்கும் என்பது, நான் படிக்காத பாதியில் இருந்தது.

"டி டிரைவு காலியாத்தானய்யா கெடக்குது?" என்றார் மேனேஜர்.

"அது ஸ்டோர்ஸுக்கு ஒதுக்கினதுங்க, சார்" என்றேன், கண்ணியம் குன்றாமல்.

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். வாசலில் நின்றிருந்த லாரி டிரைவர் சென்னப்பா எட்டிப் பார்த்தார்.

"ஏனு சாமி, வண்டி பூரா லோடு ஏத்திட்டு, டிரைவருக்கு சீட்டு வெக்காம உட்டுட்டீங்களா?"

இதைவிடத் தெளிவாக அந்த நூல்கூட விளக்கியதில்லை.

பில்லைக் கையாலேயே எழுதினேன். அவசரத்தில் 'பிரேக்' என்ற சொல்லே வளைந்து நெளிந்து ஓடியது. மேனேஜர் பற்களைக் கடித்தவாறு முத்திரை குத்தினார். சென்னப்பா பறந்தார், ஆர்டர் பிழைத்தது. என் ஞாயிற்றுக்கிழமை சர்வரை மறுபடி பிரிப்பதில் போயிற்று.

வீட்டில் இதைச் சொன்னபோது என் மனைவி மரகதம் சிரிப்பாள் என எதிர்பார்த்தேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அந்த மெஷினும் என்னாட்டந்தான். எல்லாருக்கும் போட்டுட்டு, சட்டியில ஒட்டுனத வழிச்சுத் தின்னுட்டு ஓடோணும். அது நின்னு காட்டிருச்சு. நானும் ஒருநாளு நின்னா தெரியும் உங்களுக்கு!"

அவள் வைத்த கரண்டியை நான் எடுத்து, முதலில் அவளுக்கு ஊற்றினேன்.

அன்றுமுதல் எங்கள் வீட்டில் குழம்பு இறக்கியதும் முதல் கிண்ணம் மரகதத்துக்கு எடுத்து வைக்கப்படுகிறது. அதன் பெயர் சி டிரைவ். கோழிக் குழம்பன்று நான் சற்றே அதன் பக்கம் நகர்ந்தாலும் போதும், திருமணமாகிப் போன பின்னும், வீட்டுக்கு வரும்போதெல்லாம் என் மகள் கூடத்திலிருந்தே கூவுகிறாள்:

"அம்மா! அப்பா சி டிரைவுல கை வெக்கறாரு!"